பொய் சொல்லாத பாடு

"ஒரே ஒரு பொய்தான் கேக்குறேன் கவி. உன் சொத்தையா கேட்டேன்?"

பக்கத்து வீட்டு லோகநாயகி வாசலில் வந்து அழாக்குறையாக நின்றாள். வலையில் சிக்கியிருந்த நண்டுகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்த கவியரசன் நிமிரவில்லை.

"சீட்டு விழுந்துபோச்சுக்கா. இந்த வாரம் பொய் சொல்லாத பாடு எனக்கு."

"யார்கிட்டயாவது மாத்திக்கயேன்."

"கொல்லாத பாடுன்னாகூட எவனாவது வாங்குவான். பொய் சொல்லாம ஒரு வாரம் பொழைக்க எவன் வருவான்க்கா?"

கோட்டைக்குப்பத்தில் ஏரியில் வலை விடுவதே 'பாடு' என்று முறை வைத்துத்தான். சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று வைப்பார்கள். இருவர் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம். மீறினால் மட்டும் ஏரியில் இடம் கிடையாது.

போன பௌர்ணமிக்கு வந்த பிக்கு, பௌத்தத்துக்கு மாறியிருந்த ஐந்து வீட்டாருக்கும் பஞ்சசீலம் சொல்லிக்கொடுத்தார். கொல்லாதே, திருடாதே, பிறன்மனை நாடாதே, பொய் சொல்லாதே, குடிக்காதே. ஐந்தையும் எல்லோரும் எந்நாளும் காக்க வேண்டும் என்றார்.

அவர் பொன்னேரி பஸ் ஏறியதும் இவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். கொல்லாமல் இருந்தால் இறால் தானாக நடந்தா வரும்? ஐந்து சீலம், ஐந்து வீடு. தெரிந்த வழியில் சீட்டுக் குலுக்கிப் பாடு வைத்துவிட்டார்கள்.

இந்த வாரம் திருடாத பாடு டீக்கடை தேவகிக்கு; டீயில் பால் தெரிந்தது. குடிக்காத பாடு, குடித்தே அறியாத சாமுண்டீஸ்வரிக்கு. பிறன்மனை நாடாத பாடு பல் போன மாணிக்கத்துக்கு விழ, "இது என்கிட்ட வீணாப் போவுது, வேற சீட்டு குடுங்க" என்று மனிதர் சண்டைக்கு நின்றார்.

லோகநாயகியின் மகன் ரஞ்சித்துக்குக் கொல்லாத பாடு. வலையை மடித்து வைத்துவிட்டு, படகில் அக்கரைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்க்கத்தான் அன்று சாயங்காலம் பெண் வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் விசாரிப்பதுதான் வழக்கம். பக்கத்து வீட்டில் கவியரசன். குடித்துவிட்டுப் படகிலேயே தூங்கி, ஏரியின் ஆந்திரா பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கத்து மீனவர்களிடம் பிடிபட்ட ரஞ்சித்தை மீட்டுக்கொண்டு வந்தவனே அவன்தான். இதே குடியால் ஏற்கெனவே வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் மகனுக்குக் கல்யாணமே இல்லை என்று லோகநாயகிக்குத் தெரியும். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் பெண்ணின் அப்பா தனசேகர் மனைவியோடு வந்தார். பஜ்ஜியைக்கூடத் தொடாமல் நேராகக் கவியரசனிடம் போனார். லோகநாயகி பின்னாலேயே ஓடினாள்.

"பொய் சொல்லாத பாடு உனக்குன்னு டீக்கடையில சொன்னாங்க தம்பி. எனக்கு அது போதும். பையன் குடிப்பானா?"

லோகநாயகி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு கவியரசனின் கணுக்காலில் ஏறிக் கடித்தது. அவன் அதைத் தட்டவில்லை, தேய்க்கவுமில்லை. பல்லைக் கடித்தபடி அது தானாக இறங்கும்வரை காத்திருந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்த வாடையே அவனுக்கு ஆவாதுண்ணே."

"ஆந்திரா பக்கம் புடிச்சு வச்சாங்கன்னு சொல்றாங்களே?"

"காத்து தள்ளிக்கினு போச்சு. அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்? ஒண்ணு சொல்றேன்ணே, உசுரே போனாலும் ரஞ்சித்து பாடு மீற மாட்டான்."

கலங்கிய அந்தக் கண்களைப் பார்த்துத் தனசேகர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு சாட்சி எந்தச் சம்பந்தத்திலும் கிடைத்ததில்லை. திரும்பி வந்து பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

ரஞ்சித் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அம்மா, "வேலையெல்லாம் எப்படிப்பா போவுது?" என்று கேட்டதும் ஒரு முழு பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டான். அடுத்த கேள்விக்கு இன்னொன்று.

"வாயத் தொறக்காத புள்ள. இந்தக் காலத்துல யாரு இப்படிக் கீறாங்க?" என்று அந்த அம்மாள் பூரித்துப்போனாள்.

தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. இருட்டுவதற்குள் அக்கரைக்குப் போக வேண்டும் என்று தனசேகர் எழுந்தார்.

"என் புள்ளையே படகுல கொண்டுபோயி வுடுவான்ணே" என்றாள் லோகநாயகி.

"அதுவும் நல்லதுதான். மாப்பிள்ளைகிட்ட மனசு விட்டுப் பேசிக்கினே போறேன்."

ரஞ்சித் வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினான். அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இன்னாடா வெக்கம்? கேக்குறதுக்கெல்லாம் வாயத் தொறந்து பதில் சொல்லு" என்று முதுகில் கை வைத்துப் படகுவரை தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டாள். படகு நடு ஏரிக்குப் போகும்வரை கையசைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

தனக்காகப் பாட்டையே மீறிவிட்டானே என்று மீதிப் பஜ்ஜியை எடுத்துக்கொண்டு கவியரசன் வீட்டுக்கு வந்தாள். அவன் கால் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. அதன்மேல் இன்னொரு கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அடிக்கக் கையை ஓங்கினாள். அவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாங்க்கா, கொல்லாத."

"அது உனக்கு இன்னாத்துக்கு? கொல்லாத பாடு என் புள்ளைக்குத்தான?"

"காலையில நீ அழுதது தாங்கலக்கா. மத்தியானமே அவனும் நானும் சீட்ட மாத்திக்கினோம்."