பழைய பம்ப்

வேலித் தகராறில் வருடக்கணக்காக முகம் பார்க்காத பக்கத்து வீட்டு இட்வலைத்தான் கிளெனிஸ் கூப்பிட வேண்டியிருந்தது. வேல்ஸ் மலைப்பாதைகளைப் பனி மூடிவிட்டதால் மெக்கானிக் யாரும் வரவில்லை. சமையலறையில், வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஒழுகியது. மாடியில் காய்ச்சலோடு குழந்தை படுத்திருந்த அறையில், அந்த வெந்நீர் ஓடிச் சுட வேண்டிய ரேடியேட்டர் ஜில்லிட்டுக் கிடந்தது.

"பம்ப் போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார் இட்வல்.

"உங்க வாயை யாரும் ரிப்பேருக்குக் கூப்பிடலை. கையை மட்டும் காட்டுங்க."

அவர் முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போய் ஒரு பம்ப்போடு திரும்பினார்.

"பழசாச்சே! உங்க வீட்டுக் குப்பையை என் தலையில கட்டுறீங்களா?"

"வேணாம்னா சொல்லு, எடுத்துட்டுப் போறேன்."

அதை மாட்டியதும் ஒழுகல் நின்றது, ரேடியேட்டரும் சுட்டது. நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

காலையில் பார்த்தால், அவர் வாரித் தள்ளிய பனி அவள் வாசலில் குவிந்திருந்தது. கிளெனிஸ் சண்டைக்குப் போனாள்.

கதவு திறந்தது. உள்ளே தெருவைவிடக் குளிர். ஓவர்கோட்டும் தொப்பியுமாக நின்றார் இட்வல். அவருக்குப் பின்னால் பாய்லரின் மூடி கழன்று கிடந்தது. உள்ளே பம்ப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"என்ன முறைக்கிறே? சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா?"