பழைய மெஷினே போதும்

காய்ந்த இலைகளைக் காற்றால் ஊதித் தள்ளும் புது மெஷினைத் தூக்கிப் பார்த்த முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"பூ மாதிரி இருக்கேய்யா! கையில ஒரு பக்கமும் சாயல. காத்து பிச்சுக்கிட்டுப் போகுது, ஆனா சத்தத்தையே காணோம்!"

அதை வடிவமைத்தவர் கூச்சத்தோடு தலையாட்டினார்.

"முதல் மெஷின் உனக்குத்தான்யா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

வடிவமைத்தவர் ஞாயிறு காலை முழுக்க, தான் தனியாக வசிக்கும் வீட்டில் அதை ஓட்டிப் பார்த்தார். திங்களன்று திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"எனக்குப் பழைய மாடலே போதும் சார்."

"அந்த அம்மிக்கல்லையா? மணிக்கட்டு கழண்டுடும்யா. அது போடுற சத்தத்துக்குத் தெருவே காதைப் பொத்திக்கும்!"

"பரவால்ல சார்."

அடுத்த ஞாயிறு பழைய மெஷின் அலறியது. மதில்மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை முளைத்தது.

"யோவ், அறிவிருக்கா? காது கிழியுது!"

அவர் அவசரமாக மெஷினை அணைத்தார். "மன்னிச்சுக்குங்கண்ணே."

"இன்னிக்குக் கேட்டுடறேன். ஒரு செடிகூட இல்லாத சிமெண்டுத் தரையில வாராவாரம் என்னத்தய்யா ஊதுற?"

அவர் முகம் மலர்ந்தது.

"உள்ள வாங்கண்ணே. ரெண்டு பேருக்கும் டீ போட்டு வச்சிருக்கேன். குடிச்சுக்கிட்டே திட்டுங்க."