வெறுங்காலோடு

கேலப் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்த மண்பீடத்தை நெருங்கினான். சுற்றிலும் கம்பு நட்டுக் கட்டியிருந்த கயிறு தளர்ந்து கிடந்தது. அதை இழுத்து முடிந்தான்.

"மெதுவாக, ராஜு! மண்வெட்டி பட்டுவிடப் போகிறது" என்று கூட்டாளியை ஆங்கிலத்தில் அதட்டினான்.

கேலப் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துக்காரன். இருபது வயது. மார்மன் சபையின் ஊழியத்துக்காக இந்தியா வந்தவன். தமிழை வகுப்பில் உட்கார்ந்து படித்ததால், வாயைத் திறந்தால் மேடைப்பேச்சு மாதிரிதான் வரும். ராஜு விசாகப்பட்டினத்துப் பையன். அவனுக்கு அந்தத் தமிழும் கிடையாது.

தூத்துக்குடியில் வெள்ளம் புகுந்த வீடுகளில் ஒரு வாரம் சேறு அள்ளிக் கொடுக்க வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது உப்பளத்தை ஒட்டிய கடைசி வீடு. பலசரக்குக் கடை தங்கதுரையின் வீடு.

முதல் நாளே மானம் போயிற்று. உதவி செய்கிற வேகத்தில் கேலப் சேற்று பூட்ஸோடு நேரே சாமி அறைக்குள் போய் நின்றுவிட்டான். பதறிப்போய் வெளியே வந்தவனிடம் தங்கதுரையின் மனைவி செல்லத்தாய், பரவாயில்லை என்று டீ டம்ளரை நீட்டினாள். அவன் சபையில் டீ, காப்பி கூடாது. அதையும் வேண்டாமென்று சொல்லித் தொலைத்தான்.

"ஏளா, பாத்தியா? சாமி ரூமுக்குள்ள பூட்ஸோட ஏறுதான். நம்ம கையால டீ வாங்க மாட்டேங்கான். மதம் மாத்த வந்த பய, வேணும்னேதான் செய்யுதான்" என்றார் தங்கதுரை, அவன் காதுபடவே.

"ஏன் இப்பிடிப் பேசுதிய? சின்னப்புள்ள, தெரியாம செஞ்சிட்டு" என்று அடக்கிய செல்லத்தாய், கேலப்பிடம் திரும்பினாள். "தம்பி, பொறவாசல்ல எங்க சுடலைமாடன் பீடம் இருக்கு. சிலைல்லாம் கெடையாது, சும்மா பீடம்தான். அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆயிராமப் பாத்துக்கிடுங்க."

புறவாசல் அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தது. பீடமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. "என்னால் தங்கள் தெய்வத்துக்கு எந்த அவமரியாதையும் நேராது, அம்மா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான் கேலப். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தண்ணீர் வற்றியதும் வேப்பமரத்தடியில் மண்பீடம் தெரிந்தது. தொடையளவு உயரம், மேலெல்லாம் கறையான் அரித்த துளைகள். கூம்பிய உச்சியில் சுற்றிக்கொண்டு ஒரு சிவப்புத் துணி. கேலப்புக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து அவன் பூட்ஸோடு அந்தப் பக்கம் போனதேயில்லை.

உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து, உப்புச்சேறு பட்டுச் சுரீரென்று எரியும். எரியும்போதெல்லாம் சாமி அறைக்குள் நின்ற தன் பூட்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அவமானத்தில் காது சிவந்துபோய், இன்னும் இரண்டு கூடை சேர்த்து அள்ளுவான்.

சாயங்காலமானால் கழுவுகிற வேலை. அதற்குத் தோதாகச் சுவரோரம், முழங்கால் உயரத்தில் பூச்சு உரிந்த ஒரு திட்டு அகப்பட்டது. "துவைக்கிற கல். எங்கள் ஊரிலும் உண்டு" என்றான் ராஜு. சொன்னவன் பிறந்ததிலிருந்து வாஷிங் மெஷினைத் தவிர வேறெதையும் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

பூட்ஸில் அப்பிய சேற்றை அதன் விளிம்பில் வழித்தார்கள். சட்டையை அதன்மேல் அடித்துத் துவைத்தார்கள். சாக்ஸைக் காயப்போடுவதும் அங்கேதான். முன்பக்கம் எண்ணெயும் கரியும் பிடித்த சின்னப் பொந்து ஒன்று இருந்தது. கேலப் அதைத் தேய்த்துச் சுத்தமாக்கி, சோப்பு வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். செல்லத்தாய் கையில் அகல் விளக்கும் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. தங்கதுரை ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். வெள்ளம் வந்த சுவடே இல்லை.

அவர் கேலப்பின் கையைப் பிடித்து, உள்ளங்கைப் புண்ணைப் பார்த்தார். "ஒங்களப் போயித் தப்பாப் பேசிட்டேனே தம்பி. நெனச்சா அசிங்கமா இருக்கு. மனசுல வச்சுக்கிடாதிய" என்றார்.

கேலப்புக்கு ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. "வாருங்கள் ஐயா, தங்கள் பீடத்தைப் பாருங்கள்!" என்று புறவாசலுக்கு ஓடினான். படியிலேயே பூட்ஸைக் கழற்றினான். கயிற்றை அவிழ்த்து, வழிவிட்டு, கைகூப்பி நின்றான்.

செல்லத்தாய் மண்பீடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது. "அம்மா, இங்கே" என்று கூப்பிடத் திரும்பினான்.

அவள் சுவரோரம் குனிந்து நின்றாள். பொந்திலிருந்த சோப்பை எடுத்துக் கீழே வைத்தாள். கரியெல்லாம் போய்விட்ட அந்தப் பொந்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒங்க சாக்ஸக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க தம்பி. மாடனுக்கு வெளக்கு ஏத்தணும்."