மூடிய கை

"கையை மூடுங்கம்மா," என்றார் டாக்டர். செண்பகவல்லி விரல்களை மடக்கி மேசைமேல் வைத்தாள். "கர்ப்பப்பை இவ்வளவுதான் இருக்கும். புற்று இதுக்குள்ளயே இருந்தா முதல் நிலை." பேனா முனை அவள் மணிக்கட்டைத் தொட்டது. "இது கர்ப்பப்பை வாய். இங்க இறங்கிட்டா ரெண்டாவது." பேனா கையைவிட்டு மேசையில் நகர்ந்தது. "வெளிய பக்கத்துல பரவினா மூணு. இன்னும் தள்ளிப் போயிட்டா நாலு." பேனா மேசையின் ஓரத்துக்குப் போய் நின்றது. பக்கத்தில் மகன் முத்தரசு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது.

"தீட்டு நின்னு பல வருஷம் ஆச்சுன்னீங்க. மறுபடி ரத்தம் பட ஆரம்பிச்சது எப்ப?"

"பொங்கலுக்கு அப்புறந்தான்," என்றாள் குனிந்தபடி.

"இல்ல டாக்டர்." முத்தரசு தலை நிமிர்ந்தான். "போன ஆடியிலேருந்தே அம்மா சாமி விளக்கு ஏத்தல. என் சம்சாரத்து மேல கோவம்னு நினைச்சு நான்தான் தினம் திட்டிட்டிருந்தேன்."

டாக்டரின் பேனா மேசையின் ஓரத்திலேயே நின்றிருந்தது. செண்பகவல்லி கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மூடிய கையைத் திறக்க அவளுக்குத் தோன்றவில்லை.