நான்காவது எலி

மாலை நாலரை.

நுண்ணோக்கி அறையின் விளக்கை அணைத்துவிட்டு அவள் நான்காவது ஸ்லைடை வைத்தாள். எலி மூளையின் மெல்லிய சீவல்.

முதல் மூன்றும் எதிர்பார்த்தபடியே இருந்தன. அசைய முடியாதபடி அரை மணி நேரம் குழாய்க்குள் அடைக்கப்பட்ட மூன்று எலிகள். இருட்டில் பச்சைப் புள்ளிகள்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லின் உட்கரு. உள்ளே டிஎன்ஏ இழை புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது. பயம் வந்ததும் அந்தப் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. இழை தளர்கிறது. அதுவரை சும்மா கிடந்த ஜீன் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பாஸ்பேட் ஒட்டிய புரதம் மட்டும் ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தாள்.

நான்காவது எலி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல்; குழாய்க்குள் போகவில்லை. கூண்டிலிருந்து எடுத்தவுடன் கொன்றாள். அதன் மூளை இருட்டாக இருந்தால்தான் மற்ற மூன்றிலும் தெரிவது குழாயின் பயம் என்று சொல்ல முடியும். ஐந்து வருட ஆய்வு. திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது.

குவியத்தைத் திருகினாள்.

பச்சை.

வேறு எலிகளை வைத்துச் செய்த போன இரண்டு முறையும் இப்படித்தான். சாயத்தைக் குறை சொல்லிப் புதுப் புட்டி வரவழைத்தார்கள்.

ஜூனியர் பர்வீன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, கன்ட்ரோலும் கிறிஸ்துமஸ் மரமா? பேசாம எக்ஸ்போஷரக் கொறச்சுப் படம் எடுங்க. தானா இருட்டாயிடும்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் குறைத்துப் பார்த்தாள். நான்காவது இருண்டது.

அதே அளவில் முதல் எலியை வைத்தாள். அதுவும் இருண்டது.

பழைய அளவுக்கே திருப்பினாள்.

நான்கும் ஒரே கூண்டில் வளர்ந்தவை. ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கும். அன்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். குழாய்கள் பக்கத்து மேசையில் இருந்தன. கூண்டில் ஒன்று மிஞ்சியது. அதற்கு எந்த வேலையும் இல்லை என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

மூன்று முறையும் அதே வரிசை.

பயந்த எலி எழுப்பும் ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. அன்று அவளுக்கு ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

கடைசி எலியை எடுக்கக் கையை விட்டபோது அது மூலையில் இருந்தது. ஓடவில்லை. சாதுவான எலி என்று நினைத்தாள்.

நான்காவது ஸ்லைடை மறுபடி வைத்தாள்.

கதவு திறந்தது. அவளுடைய வழிகாட்டி, ஜெசிந்தா மேடம். குனிந்து கண்வில்லையில் கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

நிமிராமலே கேட்டார்.

“இது பாட்டுக்குக் கூண்டுல நிம்மதியாத்தானே இருந்துச்சு?”