பிளம்பரின் பத்தியம்

தட்டில் இருந்ததைக் கோழி என்று பிளம்பரின் மனைவி சொன்னாள். வெங்காயம், பூண்டு, மிளகாய், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, மிக்ஸியில் கூழாக அடித்திருந்தாள். அடைத்த சாக்கடைக் குழாய்களில் இதைவிட மரியாதையான பொருட்களை அவர் பார்த்திருக்கிறார்.

"தொண்டையில இறங்கவே மாட்டேங்குது."

"உங்க வயிறு தாங்காதுன்னுதானே இப்படிச் சமைக்கிறேன். முழுங்குங்க."

எதிரே மைத்துனன் அதே கூழைத் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிளம்பர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். குடல் வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மைத்துனன் கை கழுவப் போனதும் மனைவி கிசுகிசுத்தாள். "கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு உங்களுக்கு. இந்த நடிப்பு எதுவரைக்கும்?"

"ரெண்டு நாள்ல போயிடுறேன்னு வந்துட்டு மாசக்கணக்கா கிடக்கிறானே உன் தம்பி, அவன் ஓடுற வரைக்கும். இதை எவன் தின்னுட்டு இருப்பான்? நாளைக்கு இன்னும் கேவலமா சமை."

மைத்துனன் கண்கலங்கத் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், கூச்சப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. ரொம்ப வருஷமா எனக்கு எது தின்னாலும் வயிறு ஒத்துக்காது. இந்தச் சாப்பாட்டுலதான் குணமாச்சு. ஆயுசுக்கும் இதை விட்டுடாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். அக்கா, அத்தானுக்கு இன்னொரு கரண்டி வை."