ஞானப்பாட்டுக்கு நிற்கிறவர்கள்

காரைக்கால் லுத்தரன் கோயிலின் ஜன்னல் வெயில் நெரவி கருப்பையனின் கிளாரினெட்டில் விழுகிறது. பக்கவாதம் வந்து எழுந்தபின் இன்றுதான் ஞானப்பாட்டுக்கு ஊத வந்திருக்கிறார். இடதுகை விரல்கள் துளைகளை அடைக்க மறுக்கின்றன. கிளாரினெட் கீச்சென்று கத்துகிறது. ஊதும்வரைதான் மரியாதை என்பது கல்யாண பேண்டில் அவர் கண்டது. "வேற ஆளப் பாருங்க ஐயரே," என்கிறார் போதகரிடம். "ரெண்டு மாசமா உங்க எடத்துல யாரையும் வைக்காமத்தானே பாடுனோம்," என்கிறாள் பாடகர் குழுவின் மேபல். "மெதுவா ஊதுங்க பெரியவரே. எங்க கொரலு அந்தக் கீச்ச விட மோசம்." சபை சிரிக்கிறது, ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. பாட்டு முடியும்வரை நிற்பது இங்கே வழக்கம். ஊன்றுகோல் பிடித்தவர்கள்கூட நிற்கிறார்கள். விரல் இன்னும் மடங்கவில்லை. திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பார். இப்படிக் காத்து நிற்கிறவர்களை என்ன செய்வதென்று கருப்பையனுக்குத் தெரியவில்லை.